வெட்டினா வெள்ளி, மறுநாள் சாம்பல், பெட்டிக்குள்ள வெள்ளைப் பொடி: இது காரீயம்தானா?

தச்சநல்லூர்_பழையசாமான்
அண்ணாச்சிமாரே, பழைய வீடு இடிச்ச சாமானோட ஒரு உலோகப் பாளம் வந்திருக்கு. எடை 680 கிராம், ஆனா கையில எடுத்தா அளவுக்கு மீறின கனம். வெளிய கருஞ்சாம்பல், அங்கங்க வெள்ளைத் திட்டு, ஒரு பக்கம் மட்டும் செம்மஞ்சள் கறை. ஹேக்சா பிளேடு போட்டு ஒரு மூலையை அறுத்தா நீலம் ஓடுன பளபளப்பு. சாயங்காலத்துக்குள்ள பளபளப்பு செத்து, மறுநாள் சாம்பல் ஆயிட்டு. அறுத்த துண்டை ஒரு புது மரப்பெட்டியில போட்டு மூடி வச்சது. மழைக்காலம் முடிஞ்சு திறந்தா மேல பூரா வெள்ளைப் பொடி, விரல்ல ஒட்டுது. காரீயமா, வெள்ளீயமா, துத்தநாகமா? பொடியைத் துடைச்சுட்டு விக்கலாமா?

வேதி_வாத்தியார்
பதிலுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்தப் பெட்டியை ஊதாதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள். மூடி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். கையைச் சோப்பு போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். அதன் பிறகு வந்து படியுங்கள்.

நீங்கள் சொன்ன அத்தனை அடையாளமும் காரீயத்துக்கே பொருந்துகின்றன. அறுத்த முகத்தில் தெரிவதுதான் உலோகத்தின் சொந்த நிறம், நீலச் சாயல் கலந்த வெள்ளை. காற்றுப் பட்ட உடனே மேலே ஈய ஆக்சைடு மிக மெல்லிய படலமாகப் படர ஆரம்பிக்கும். காற்றில் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதால் அது மெல்ல மெல்லக் கார்பனேட்டாக மாறும். சாம்பல் நிறம் அதனால்தான். ஐப்பசி கார்த்திகையில் சில மணி நேரத்தில் மங்குவது, சித்திரை வெயிலில் காய்ந்த அறையில் இருந்தால் இன்னும் மெதுவாக மங்கும்.

துத்தநாகமும் சாம்பலாகும், வெள்ளையும் பூக்கும். ஆனால் அது வளையாது, ஹேக்சாவில் இப்படி மெத்தென்று அறுபடாது. வெள்ளீயம் மாதக்கணக்கில் பளபளப்பை வைத்திருக்கும். ஆனாலும் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எடைப் பரிசோதனை செய்யுங்கள். முறையைப் பட்டறை அண்ணாச்சி சொல்லுவார்.

பட்டறை_பாளை
சொல்லுதேன். சமையல்கட்டுத் தராசு போதும், ஒரு கிராம் காட்டணும், ஐந்து கிலோ தாங்கணும்.

பாளத்தை முதல்ல அப்படியே நிறுத்து எழுதிக்கிடுங்க. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல முக்கால் அளவு தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு, எண்ணைப் பூஜ்யமாக்குங்க. பாளத்தை மெல்லிசு நூல்ல கட்டி, கையால தூக்கிப் பிடிச்ச மேனிக்கே தண்ணிக்குள்ள முழுசா இறக்குங்க. அடியிலயும் பக்கத்துலயும் படவே கூடாது. பட்டா கணக்கே கெட்டுரும். இப்ப தராசு காட்டுத கிராம்தான் பாளத்தோட கன சென்டிமீட்டர். முதல் எடையை இதால வகுங்க.

காரீயம்னா 11.34. வெள்ளீயம் 7.3, துத்தநாகம் 7.1, இரும்பு 7.9, செம்பு 8.96. நடுவுல ஒரு எண் வந்தா கலப்பு.

பாளத்துல குழி, பொந்து இருந்தா அதுல காற்றுக்குமிழி நிக்கும். குமிழி நின்னா கன அளவு கூடத் தெரியும், அடர்த்தி குறையத் தெரியும். தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் விளக்குத சோப்பு விட்டு, பாளத்தை ஒரு ஆட்டு ஆட்டி இறக்குனா குமிழி விட்டுரும். டப்பாவைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீங்க. தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க.

தச்சநல்லூர்_பழையசாமான்
செஞ்சாச்சு. தண்ணிக்குள்ள 61 காட்டுச்சு. 680 வகுத்தல் 61, 11.15 வருது. அப்ப சுத்தக் காரீயம் இல்லையா?

பட்டறை_பாளை
காரீயம்தான், சந்தேகமே இல்ல. 11.15-ஐப் பாத்து ஆன்டிமணி (ஈயத்தைக் கடினமாக்கச் சேக்குத உலோகம்) கலந்திருக்குன்னு முடிவு கட்டிராதீங்க. உங்க தராசு ஒரு கிராம் முன்னப்பின்ன காட்டும். 60-ஆ இருந்தா 11.33, 62-ஆ இருந்தா 10.97. சுத்தமும் அதுக்குள்ள அடங்குது, மூணு சதவீத ஆன்டிமணியும் அடங்குது. அறுத்த முகத்துல பெருவிரல் நகத்தை அழுத்திப் பாருங்க, கையுறை மேல போட்டுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் அட்டை முனையாலயும் பாக்கலாம். பள்ளம் விழுந்தா மெதுஈயம். வழுக்கிக்கிட்டுப் போனா ஆன்டிமணி சேர்ந்த கடினஈயம், பேட்டரித் தகடு, சக்கர பேலன்ஸ் எடைக் கட்டி வகை.

பழைய வீட்டுச் சாமான்னு சொன்னதால இன்னொண்ணும் தோணுது. கல்லுல குழி கொத்தி, ஜன்னல் கம்பியையோ கைப்பிடிக் கம்பியையோ நட்டு, சுத்தி ஈயம் உருக்கி ஊத்துத வழக்கம் உண்டு. பாளம் ஒரு பக்கம் கம்பி வடிவத்துல குழிஞ்சிருக்கா பாருங்க.

தச்சநல்லூர்_பழையசாமான்
ஆமா அண்ணாச்சி, ஒரு பக்கம் அரைவட்டமாக் குழிஞ்சுதான் இருக்கு. செம்மஞ்சள் கறை அதுக்கு எதிர்ப்பக்கம்.

வேதி_வாத்தியார்
அப்படியானால் கறைக்கும் விடை கிடைத்துவிட்டது. கம்பிக்கு எதிர்ப்பக்கம் என்றால், அது கல்லையும் காரையையும் ஒட்டி இருந்த பக்கமாக இருக்கும். காரீயத்தை அமிலம் மட்டும் தின்பதில்லை, ஈரமான சுண்ணாம்பும் தின்னும். காரைச் சாந்து இறுகும் வரை அதன் ஈரம் கடுமையான காரமாக இருக்கும். அதில் பட்ட ஈயத்தின் மேல் ஆக்சைடு தடிமனாக வளரும். இந்த ஆக்சைடுக்கு (ஈய மோனாக்சைடு) இரண்டு வடிவம்: சாதாரண வெப்பத்தில் நிலைத்து நிற்பது சிவப்பு, ஏறத்தாழ 490 டிகிரிக்கு மேல் நிலைப்பது மஞ்சள். உங்கள் கறை முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய இரும்புக் கம்பிக்குத் துரு பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சாக அடித்த ‘ரெட் லெட்’ பூச்சும் இதே செம்மஞ்சள்தான். அதுவும் ஈயத்தின் ஆக்சைடுதான், வேறு வகை. அந்த வீட்டு ஜன்னல் கம்பியும் உங்கள் கடைக்கு வந்திருந்தால், அதைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்கவோ, காஸ் கட்டரால் அறுக்கவோ வேண்டாம். பாளத்தைவிட அந்தப் பூச்சுதான் ஆபத்து. பாளம் திண்டாகக் கிடக்கிறது, பூச்சு தூளாகி மூக்குக்குள் போகிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சு எதையும் ஈயம் இல்லை என்று நம்பித் தேய்க்கக் கூடாது.

உவரிக்கரை
ஒரு சந்தேகம் வே. எங்க பக்கம் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை எல்லா எடத்துலயும் வலை அடிக்கயித்துல ஈயக்குண்டுதான். உப்புத்தண்ணியில வருசக்கணக்காக் கெடக்கு. வெளிய கறுத்து இருக்குமே தவிர பொடியாப் பூக்காது. அதே குண்டைப் புதுசா வாங்கிப் பலகைப்பெட்டியில போட்டா வெள்ளை பூக்குது. கடல் தின்னாதத மரப்பெட்டி எப்படித் தின்னும்?

வேதி_வாத்தியார்
இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

காரீயத்தைக் காப்பாற்றுவது அதன் தோல். கடலில் சல்பேட், குளோரைடு, கார்பனேட் எல்லாமே இருக்கின்றன. இவற்றோடு ஈயம் சேர்ந்தால் வருவது தண்ணீரில் எளிதில் கரையாத உப்புகள். அவை உலோகத்தின் மேல் இறுகப் படிந்து, உள்ளே ஆக்சிஜன் போகாமல் அடைத்துவிடும். அதனால் குண்டு கறுத்துச் சாம்பலாகி அப்படியே நிற்கிறது. கடல் உப்பு இரும்புக்குத்தான் எமன், காரீயத்துக்கு இல்லை.

மரப்பெட்டியில் நடப்பது வேறு. மரமும், அதைவிட மோசமாகப் பிளைவுட்டும் அட்டையும், அசிட்டிக் அமில ஆவியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மூக்குக்குத் தெரியாத அளவுகூடப் போதும். அசிட்டிக் அமிலம் ஈயத்தோடு சேர்ந்தால் வருவது ஈய அசிட்டேட், அது கரையும். கரைவதால் தோல் நிற்காது. அடுத்து, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வந்து அசிட்டேட்டைக் கார ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. அதுதான் அந்த வெள்ளைப் பொடி. இந்த மாற்றத்தில் அசிட்டிக் அமிலம் மறுபடி விடுபடுகிறது. விடுபட்டது அடுத்த பகுதியைத் தின்னப் போகிறது. அமிலம் செலவாகாமலே சுற்றிச் சுற்றி வேலை பார்ப்பதால்தான் பெட்டிக்குள் இருக்கும் துளி ஆவி முழுக் குண்டையும் பொடியாக்க முடிகிறது. மூடிய பெட்டி, ஈரக்காற்று, மர ஆவி மூன்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

முன்பு ஐரோப்பாவில் வெள்ளைப் பெயிண்டுக்கான ஈயப்பொடியை வேண்டுமென்றே இப்படித்தான் தயாரித்தார்கள். ஈயச் சுருளை வினிகர்ப் பானை மேல் வைத்து, சாணத்துக்குள் புதைத்துவிடுவார்கள். சூடும் கார்பன் டை ஆக்சைடும் சாணம் தரும், ஆவி வினிகர் தரும். தச்சநல்லூர் அண்ணாச்சியின் பெட்டி அந்தத் தொழிற்சாலையின் சின்னப் பதிப்பு.

உவரிக்கரை
அப்ப எதுல போட்டு வைக்க?

வேதி_வாத்தியார்
மூடி இறுகும் பாலித்தீன் டப்பா, இல்லையென்றால் கண்ணாடிப் புட்டி. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. டப்பாவை ஒட்டவோ விரிசலை அடைக்கவோ வினிகர் வாசம் வரும் சிலிக்கான் பசையைத் தொடாதீர்கள். அது இறுகும்போது விடுவதே அசிட்டிக் அமிலம்தான். மரவேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசையும் வேண்டாம்.

எண்ணெய் தடவி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் காறிப்போனால் கொழுப்பு அமிலம் வரும், ஈயத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான சோப்பாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் காயும்போதே அமில ஆவி விடும். தடவ வேண்டுமென்றால் வாசலின்தான்.

டவுன்_கைவினை
இதுக்கு ஏன் இவ்வளவு? எலுமிச்சம்பழமும் புளியும் போட்டுத் தேய்ச்சா ஈயம் புதுசு மாதிரி மின்னும். பித்தளைக் குத்துவிளக்கு விளக்குத மாதிரிதான். யூடியூப்ல எல்லாரும் செய்யுதாவ.

வேதி_வாத்தியார்
செய்யவே கூடாது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் காப்புத்தோலைக் கரைத்து எடுத்துவிடும். மின்னும், உண்மைதான். கரைந்த ஈயம் முழுக்க நீங்கள் விளக்கும் தொட்டித் தண்ணீரிலும், தேங்காய் நாரிலும், கையிலும் இருக்கும். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் விட்டிருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு மில்லிகிராம் கரைந்தால் 100 லிட்டர் தண்ணீர் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு தடவை புளி போட்டு விளக்கினால் போகிற ஈயம் அதைவிட எத்தனையோ மடங்கு.

மின்னியது மறுநாள் மறுபடி மங்கும், மறுபடி விளக்குவீர்கள். சாம்பல் தோலோடு விட்டுவிடுங்கள். அதுதான் அந்த உலோகத்துக்கு நல்ல கோலம்.

பட்டறை_பாளை
வாத்தியார் சொன்னதோட இதையும் சேத்துக்கிடுங்க. உருக்கும்போது மேல ஓடுத நிறத்தைப் பாத்தே ஈயம் எந்த ஜாதின்னு ஓரளவு சொல்லிரலாம்.

காரீயம் 327 டிகிரியில உருகும். 350-ல மேல் ஆடையை ஒதுக்கினா முதல்ல கண்ணாடி கணக்கா இருக்கும். ஒரு மூச்சு விடுத நேரத்துல பொன்நிறம், அப்புறம் ஊதா, நீலம், கடைசியில சாம்பல். ஆக்சைடு படலம் தடிமன் ஏற ஏற நிறம் மாறுது. மழைத்தண்ணி மேல மண்ணெண்ணெய் விட்டா நிறம் ஓடும்லா, அதே சங்கதி. இந்த நிறம் நல்லா எடுப்பா ஓடுனா சுத்த மெதுஈயம். கொஞ்சம் வெள்ளீயம் கலந்திருந்தாலே நிறம் ஓடாது, மேல்பரப்பு வெள்ளியாவே நிக்கும். ஏன்னா வெள்ளீயம்தான் முந்திக்கிட்டுப் போய் ஆக்சைடு ஆகுது, அந்தப் படலம் கெட்டியா மூடிக்கிடுது. 400 டிகிரி தாண்டுனா அந்தக் காப்பும் நிக்காது.

குண்டு வார்க்குதவங்க தப்பு பண்ணுத இடம் சூடுதான். நல்லா ஓடட்டும்னு அடுப்பை முடுக்குவாவ. 350 முதல் 400 வரை போதும். 500 தாண்டுனா ஈயப் புகை கூடும், கண்ணுக்குத் தெரியாது. ஆக்சைடும் குவியல் குவியலா வரும். வெப்பமானி இல்லாம வார்க்காதீங்க.

தண்ணி ஆகாது. கரண்டி, அச்சு, புதுசாப் போடுத துண்டு எல்லாம் அடுப்போரம் வச்சுக் காய வச்சுத்தான் உள்ள விடணும். கடல்ல கெடந்து வந்த குண்டை அப்படியே போட்டா உள்ள இருக்க ஈரம் ஆவியாகி ஈயம் வெடிச்சுத் தெறிக்கும். முகத்துக்கு வரும். உருகுன ஈயத்துக்குள்ள புதுத் துண்டைப் போடாம, ஆறுன சட்டியில எல்லாத்தையும் போட்டுச் சேத்து சூடேத்துதது பத்திரம்.

மேல ஒதுக்கின சாம்பல் ஆடையை மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க. பட்டறையில இருக்கதுலயே மோசமான சரக்கு அந்தப் பொடிதான். சக்கர எடைக்கட்டியில இப்பல்லாம் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருது. 380-க்குக் கீழ வச்சா ரெண்டும் உருகாம மிதக்கும், அள்ளிப் போட்டுரலாம்.

பேட்டரித் தகட்டை மட்டும் வீட்டுலயும் பட்டறையிலயும் உருக்கவே கூடாது. யார் என்ன விலை சொன்னாலும் சரி.

மேலப்பாளையம்_பேட்டரி
கடைசி வரியை நூறு தடவை எழுதணும். தகட்டுல இருக்கது வெறும் ஈயம் இல்ல. பாஸிட்டிவ் தகட்டுல கருங்காப்பி நிற ஈய டை ஆக்சைடு, ரெண்டு தகட்டுலயும் சல்பேட், அமிலம், தகட்டைத் தாங்குத கம்பிவலைச் சட்டத்துல (கிரிட்) ஆன்டிமணி, ஆர்செனிக் அல்லது கால்சியம். உருக்குன கசடு அப்புறம் ஈரம் பட்டா ஆர்சைன், ஸ்டிபைன்னு ரெண்டு விஷவாயு வரலாம். மழைக்காலத்துல கசடைக் கொல்லையில கொட்டுதவனுக்கு இது தெரியாது.

பேட்டரி டெர்மினல்ல பூக்குத வெள்ளையையும் இங்க சொல்லிருதேன், ஏன்னா எல்லாரும் அதையும் ‘துரு’ன்னுதான் சொல்லுதாவ. அது மரப்பெட்டியில பூத்த கார்பனேட் இல்ல, ஈய சல்பேட். அமிலம் கசிஞ்சு வருது. கூடவே நீலப்பச்சை இருந்தா அது கேபிள் லக்குல இருக்க செம்பு, செம்பு சல்பேட். இன்வெர்ட்டரை அணைச்சு, நெகட்டிவ் கேபிளை முதல்ல கழற்றிரணும். ஒரு டம்ளர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா கரைச்சு, ஒதுக்கி வச்ச பழைய டூத் பிரஷ்ஷால நனைச்சு நனைச்சுத் தேய்ங்க. நுரை அடங்குனா அமிலம் போச்சு. செல் மூடியை இறுக்கி இருக்கணும், சோடா உள்ள போனா பேட்டரி கெட்டுரும். துணியால ஒத்தி எடுத்து, காய்ஞ்சதும் கேபிளை மாட்டி, மேல வாசலின். துணி, பிரஷ், கையுறை எல்லாம் ஒரு கவர்ல கட்டி, பேட்டரி மாத்தும்போது பழைய பேட்டரியோட கடையில குடுங்க.

உலர வச்சுச் சுரண்டுதது, உப்புத்தாள் போடுததுதான் நிறைய பேர் செய்யுத தப்பு. அந்தப் பொடி மொத்தமும் காற்றுல வருது.

அம்பை_பாத்திரம்
எல்லாரும் காரீயத்தையே பேசுதீங்க. எங்க கடைக்கு வர்ற கேள்வி ஈயச்சொம்பு. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்ப் பக்கம் ரசம் இன்னும் ஈயச்சொம்புலதான் வைக்காங்க. சொம்பு வெள்ளீயம், காரீயம் கலக்கவே கூடாது. வாங்க வர்றவங்க எல்லாம் ‘பளபளன்னு இருக்கு, மங்கல, அதனால காரீயம் இல்ல’ன்னு முடிவு பண்ணுதாங்க. இன்னும் சிலர் ‘வெறும் சொம்பை அடுப்புல வச்சா உருகுது, அதனால சுத்த ஈயம்’ங்காங்க. ரெண்டும் சரியா?

பட்டறை_பாளை
ரெண்டும் தப்பு. ரேடியோ மெக்கானிக் வச்சிருக்க 60-40 சால்டர் கம்பியைப் பாருங்க. நூத்துக்கு நாப்பது காரீயம். எத்தனை மாசம் கெடந்தாலும் நம்ம பாளம் மாதிரிக் கறுக்காது. வெள்ளீயம் கூட இருந்தா காரீயம் தன் நிறத்தைக் காட்டாது.

உருகுத கதை அதைவிட மோசம். சுத்த வெள்ளீயம் 232 டிகிரியில உருகும். காரீயம் கலந்தா அதுக்கும் கீழயே, 183-லயே இளக ஆரம்பிக்கும். ஆக சீக்கிரம் உருகுதது சுத்தத்துக்கு அடையாளம் இல்ல, சந்தேகத்துக்குத்தான் அடையாளம்.

அம்பை_பாத்திரம்
வளைச்சா ‘கிரீச்’னு சத்தம் வரணும்பாங்களே?

பட்டறை_பாளை
சுத்த வெள்ளீயப் பட்டையை வளைச்சா சத்தம் வரும், உள்ள படிகம் புரளுத சத்தம். காரீயத்துக்கு வராது. ஆனா சொம்பை வளைக்க முடியாதுல்லா? கம்பியா, கட்டியா வாங்குனா உதவும். அதுலயும் கொஞ்சம் காரீயம் கலந்தா சத்தம் நின்னுரும்னு சொல்ல முடியாது.

சொம்புக்கு முன்ன சொன்ன எடைக்கணக்கே செய்யுங்க. 600 கிராம் சொம்புன்னு வச்சுக்கிடுங்க. சுத்தம்னா தண்ணிக்குள்ள 82 காட்டணும், அடர்த்தி 7.3. பத்து சதவீதம் காரீயம்னா 79, 7.56. இருபதுன்னா 76, 7.85. பாதிக்குப் பாதின்னா 68, 8.87. சொம்பை வாய் மேல பாக்கச் சாய்ச்சுச் சாய்ச்சு இறக்கி, உள்ள காற்று துளி இல்லாம பாத்துக்கிடணும். இங்க குமிழி நின்னா ஆபத்தான பக்கம் தப்பும்: அடர்த்தி குறையக் காட்டி, கலப்புச் சொம்பைச் சுத்தம்னு சொல்ல வச்சிரும்.

இந்தப் பரிசோதனை ஒத்தை வழி. 7.5-க்கு மேல வந்தா ரசத்துக்கு ஆகாதுன்னு தள்ளிரலாம். 7.3 வந்தா சுத்தம்னு சத்தியம் பண்ண முடியாது. ரெண்டு சதவீதம் காரீயம் 7.34-தான் வரும், வீட்டுத் தராசு பிடிக்காது. ஆன்டிமணியோ துத்தநாகமோ சேத்துக் கணக்கை நேர் பண்ணவும் முடியும்.

டவுன்_காரட்மீட்டர்
அதுக்குத்தான் எக்ஸ்ரே மெஷின் இருக்கு. நகைக்கடைக்காரங்க தங்கம் சோதிக்க வச்சிருக்க காரட் மீட்டர் அதே வகைதான். கொண்டு போறதுக்கு முன்னாடி மூணு சங்கதி கேளுங்க.

மெஷின்ல காரீயமும் வெள்ளீயமும் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல கேக்கணும். தங்கத்துக்குன்னே அமைச்ச சில மெஷின்ல காரீயம் இருக்காது. இருக்காத தனிமத்தை அது காட்டாது, இருக்க தனிமத்தையே நூறாக்கிக் காட்டிரும். அடுத்து, கதிர் உலோகத்துக்குள்ள ரொம்ப மேலாகத்தான் பாக்கும், மைக்ரான் கணக்குல. வெள்ளீயம் பூசுன பித்தளைப் பாத்திரத்தை வச்சா பித்தளையும் சேர்ந்து வரும், குழம்பக் கூடாது. சொம்புன்னா அடி, வயிறு, கழுத்து, பத்துவச்ச இடம் தனித்தனியா வைக்கச் சொல்லுங்க. உடம்பு சுத்தமா இருந்து பத்துவச்ச இடத்துல மட்டும் காரீயச் சால்டர் இருக்கது உண்டு. மூணாவது, மெஷின் வரைபடத்துல ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடு விழும், அதுல ஆர்செனிக் கோடும் காரீயத்தோட ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே இடத்துல விழும். வரைபடத்தைக் காட்டச் சொல்லி, காரீயத்தோட ரெண்டாவது கோடும் இருக்கான்னு பாத்தா சந்தேகம் தீரும். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவால்ல.

வேதி_வாத்தியார்
நல்ல தகவல். அம்பை அண்ணாச்சிக்கு ஒரு துணுக்கு: சுத்த வெள்ளீயமும் பழகப் பழக லேசாக மங்கும். ஆகவே மங்கிய சொம்பெல்லாம் காரீயக் கலப்பு என்று தூக்கி எறிய வேண்டாம், மின்னும் சொம்பெல்லாம் சுத்தம் என்று நம்பவும் வேண்டாம். நாக்கும் கைகொடுக்காது. கரைந்த ஈய உப்பு கசக்காது, இனிக்கும். சந்தேகம் தீரும் வரை அந்தச் சொம்பில் புளித்தண்ணீர் கொதிக்க வைக்காதீர்கள், மீந்த ரசத்தை இரவு முழுக்க அதிலேயே விடாதீர்கள்.

வெள்ளீயம் குளிரில் சாம்பல் தூளாக உதிரும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது 13 டிகிரிக்குக் கீழே நீண்ட காலம் கிடந்தால் நடப்பது. மாஞ்சோலை மேலே போய் வைத்தால் யோசிக்கலாம், அம்பையில் கவலை இல்லை.

டவுன்_கைவினை
சரி, புளி வேண்டாம். ஆனா சும்மா தொட்டாலே விஷமா? அப்படின்னா வலைக்காரங்க எல்லாம் என்ன ஆகணும்?

வேதி_வாத்தியார்
முழுத்தோல் வழியாக உலோக ஈயம் உள்ளே போவது மிகக் குறைவு. பிரச்சினை கையில் ஒட்டும் சாம்பல். அந்தக் கையோடு முறுக்கு தின்றாலோ, பீடி பற்றவைத்தாலோ, தூண்டில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்கினாலோ வாய்க்குப் போகிறது. உடம்புக்குள் போனது எலும்பில் போய்த் தங்கி வருடக்கணக்கில் இருக்கும். குழந்தைகளுக்குக் குடலில் உறிஞ்சும் அளவு பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றை உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராம் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. தொடர்ந்து வார்க்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை எடுப்பது நல்லது, சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும்.

உவரிக்கரை
பல்லால கடிக்கதுதான் எங்க பக்கம் எல்லாரும் செய்யுதது. ஒரு சின்னக் குறடு படகுல போட்டு வச்சா போதும். வலை சரிபண்ணிட்டு உப்புத்தண்ணியில கையலம்புனா போகுமா?

வேதி_வாத்தியார்
போகாது. சோப்பு வேண்டும். கடல் தண்ணீரில் சாதாரண சோப்பு நுரைக்காது, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், படகில் சாப்பிடுவதாக இருந்தால் ஒரு குப்பி நல்ல தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். வலை கட்டும் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

தச்சநல்லூர்_பழையசாமான்
இப்ப என் பெட்டியை என்ன செய்ய?

பட்டறை_பாளை
வெளிய திண்ணையில வச்சுச் செய்யுங்க, காத்து அடிக்காத நேரமாப் பாத்து. கையுறை, என்-95 முகக்கவசம். கீழ ஒரு பழைய பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சுக்கிடுங்க. பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரே பாட்டில்ல சோப்புத்தண்ணி எடுத்து, பொடி மேல தூவலா அடிச்சு நனைச்சிருங்க. பீய்ச்சி அடிச்சா பொடி எழும்பும். நனைஞ்ச துண்டை எடுத்து ஈரத்துணியால ஒரே திசையில துடைச்சு, துணியை மடிச்சு மடிச்சுப் புதுப்பக்கம் எடுங்க. அலசித் திரும்ப நனைக்காதீங்க. வெள்ளை போய் சாம்பல் தெரிஞ்சதும் நிறுத்திரணும், மின்ன வைக்க வேண்டாம். காய வச்சு டப்பாவுல போடுங்க.

மரப்பெட்டியை விறகாக்காதீங்க. நார்ல ஊறுன ஈயம் புகையா வரும். பெட்டிக்குள்ளயும் ரெண்டு தடவை ஈரத்துணி போட்டு, கவர்ல கட்டித் தனியா வைங்க. வீட்டு வேக்குவம் கிளீனர் போடாதீங்க, பின்னாடி வழியாப் பொடியை வீடு பூரா ஊதிரும். போட்டிருந்த சட்டையைத் தனியாத் துவைக்கணும்.

தச்சநல்லூர்_பழையசாமான்
பாளத்தை ஒரு ஆள் வலைக்குண்டு வார்க்கக் கேக்காரு. குடுக்கலாமா, இல்ல பேட்டரிக்காரங்ககிட்ட போடலாமா?

மேலப்பாளையம்_பேட்டரி
வார்க்குதவர் வெப்பமானியும் திறந்த வெளியும் வச்சிருந்தா குடுங்க. நகம் அழுத்துன இடத்துல பள்ளம் விழுந்து மெதுஈயம்னு தெரிஞ்சிருந்தா, அது குண்டுக்கு ஏத்தது. செம்மஞ்சள் கறை இருக்க பக்கத்தை நீங்களே ஈரத்துணியால துடைச்சுட்டுக் குடுங்க, இல்லன்னா சட்டியில அது அப்படியே கசடாத்தான் நிக்கும். துடைச்ச துணி, மரப்பெட்டி, பொடி மூணையும் அவர்ட்ட தள்ளிராதீங்க. அதை நம்ம கடை மாதிரி பழைய பேட்டரி வாங்குத பதிவு பெற்ற டீலர்ட்ட கேட்டுப் பாருங்க. மாநகராட்சிக் குப்பை வண்டியில போடும்போது வீட்டு அபாயக் கழிவுன்னு தனியாச் சொல்லிக் குடுக்கலாம், மக்கும் குப்பையோட கலந்து போட்டா அது உரமா வயலுக்குப் போகும்.

தச்சநல்லூர்_பழையசாமான்
சரி அண்ணாச்சி. அந்த ஜன்னல் கம்பியும் கடையில கெடக்கு, நாளைக்கு கட்டர் போட இருந்தோம். நிறுத்தியாச்சு. முழுநீளமாவே ஏத்தி விட்டுருதேன்.